பழமும் தயிரும்: இல்லத்திலேயே செய்யத்தக்க குளிர்ந்த சிற்றுண்டி

சித்திரை மாதத்து நண்பகலில் ஐஸ் வண்டியின் மணியோசை கேட்டதும், திண்ணையில் விளையாடிக் கொண்டிருக்கும் சிறுவர்கள் அன்னையிடம் காசு கேட்டு ஓடுவதை எந்தச் சிற்றூரிலும் காணலாம். அவர்களுடைய ஆசையில் தவறில்லை. வெயில் வாட்டும் வேளையில் குளிர்ந்த பண்டத்தை நாடுவது இயற்கையே. ஆயினும், பெற்றோர் எண்ணிப் பார்க்க வேண்டுவது ஒன்றுண்டு. அச்சிறுவனுடைய வீட்டுக் கொட்டிலில் கறவை மாடு நிற்கிறது. காலையில் கறந்த பால் முழுவதும் கூட்டுறவுச் சங்கத்துக்குச் சென்றுவிட்டது. தோட்டத்தில் மாம்பழம் உதிர்கிறது. மிகவும் கனிந்துவிட்டமையால் சந்தைக்கு அனுப்ப இயலாத பழங்கள் மரத்தடியிலேயே கிடந்து வீணாகின்றன. பாலும் பழமும் விளைவிக்கும் குடும்பத்தார், சாயமும் சர்க்கரையும் சேர்த்து உறைய வைத்த தண்ணீரை, அத்தண்ணீர் எங்கிருந்து எடுக்கப்பட்டது என்பதையும் அறியாமல், விலை கொடுத்து வாங்குகின்றனர்.

1998-ஆம் ஆண்டு முதல் உலகிலேயே மிகுதியாகப் பால் உற்பத்தி செய்யும் நாடாக நம் நாடு விளங்கி வருகிறது. மாம்பழ உற்பத்தியிலும் வாழைப்பழ உற்பத்தியிலும் நமக்கே முதலிடம். இத்தகைய நாட்டில் உழவர் வீட்டுக் குழந்தைக்கு அப்பாலிலும் பழத்திலும் பங்கு இருத்தல் வேண்டுமன்றோ? நீரை வடித்த தயிருடன் பழக்கூழைக் கலந்து உறைய வைத்தால், ஐஸைக் காட்டிலும் சுவையும் சத்தும் மிகுந்த பண்டம் கிடைக்கும். மராட்டிய, குஜராத்திப் பகுதிகளில் வடித்த தயிரில் சர்க்கரை சேர்த்து ஸ்ரீகண்ட் என்னும் இனிப்பையும், அதனுடன் மாம்பழக் கூழைக் கலந்து ஆம்ரகண்ட் என்பதையும் நெடுங்காலமாகச் செய்து வருகின்றனர். இங்கே கூறப்படுவது ஏறக்குறைய அதனையே உறைய வைக்கும் முறையாகும்.

குளிர் கிருமிகளைக் கொல்லாது

செய்முறைக்குச் செல்லும் முன் ஓர் உண்மையை மனத்தில் நன்கு பதித்துக் கொள்ள வேண்டும். கொதிக்க வைத்தால் நோய்க் கிருமிகள் மடிகின்றன. உறைய வைத்தால் அவை மடிவதில்லை. அவற்றில் பல உறங்குகின்றன, அவ்வளவே. பனிக்கட்டி வாயில் கரைந்ததும் அவை மீண்டும் விழித்துக் கொள்கின்றன. டைபாய்டு காய்ச்சலையும், ஒருவகை மஞ்சட்காமாலையையும், வயிற்றுப்போக்கையும் உண்டாக்கும் கிருமிகள் பனிக்கட்டியில் உயிரோடிருக்க வல்லவை. ஆதலின், வெளியில் விற்கும் ஐஸுக்கு நாம் அஞ்சுவது எக்காரணத்தாலோ, அக்காரணம் நம் அடுக்களைக்கும் பொருந்தும். வீட்டில் செய்தது என்பதனாலேயே ஒரு பண்டம் தூயதாகிவிடாது. காய்ச்சிய பால், கொதித்து ஆறிய நீர், கழுவிய கை, வெந்நீரில் அலசிய பாத்திரம் ஆகிய இந்நான்கும் இருந்தால்தான் அது தூயதாகும்.

தேவையான பொருள்கள்

பசும்பால் அல்லது எருமைப்பால் 1 லிட்டர். உறைமோர் 1 மேசைக் கரண்டி. பழக்கூழ் 250 கிராம் (நடுத்தர அளவுள்ள மாம்பழமாயின் ஏறத்தாழ இரண்டு). சர்க்கரை 80 முதல் 100 கிராம். ஏலப்பொடி ஒரு சிட்டிகை. வெல்லம் சேர்க்க விரும்புவோர் அதனைச் சிறிதளவு நீரில் கரைத்து, வடிகட்டி, கெட்டிப் பாகாகக் காய்ச்சி, நன்கு ஆறிய பின் சேர்க்கலாம். சர்க்கரை இனிப்புக்கு மட்டும் அன்று; அது பண்டம் கல்லைப் போல இறுகிவிடாமலும் காக்கிறது. எனவே அதனை முற்றிலும் குறைத்துவிடலாகாது.

தயிர் தோய்த்தலும் நீர் வடித்தலும்

கறந்த பாலை அப்படியே பயன்படுத்தலாகாது. மாட்டினிடமிருந்து மனிதர்க்குப் பரவும் நோய்கள் சில பச்சைப் பாலின் வழியே வரக்கூடும். பாலை நன்கு பொங்கக் காய்ச்சி, விரல் பொறுக்கும் சூட்டுக்கு, அதாவது ஏறத்தாழ 40 டிகிரி சென்டிகிரேடுக்கு, ஆறவிட்டு உறை ஊற்ற வேண்டும். பால் கொதிசூட்டில் இருக்கும்போது உறை ஊற்றினால், பாலைத் தயிராக்கும் நல்ல நுண்ணுயிர்கள் மாண்டுவிடும். மிகவும் ஆறிவிட்டால் அவை பெருகா. வெயில் காலத்தில் 6 முதல் 8 மணி நேரத்தில் தயிர் கெட்டியாகத் தோய்ந்துவிடும்.

சில வேளைகளில் பால் தோயாமற் போவதுண்டு. மடிநோய் முதலியவற்றுக்காக மாட்டுக்கு மருந்து கொடுத்திருந்தால், அம்மருந்து பாலில் இறங்கி, தயிர் தோய்க்கும் நுண்ணுயிர்களைத் தடுத்துவிடுவது இதற்கு ஒரு காரணமாகும். கால்நடை மருத்துவர் குறிப்பிடும் நாட்கள் கழியும்வரை அம்மாட்டின் பாலை வீட்டாரும் உண்ணலாகாது, பிறர்க்கும் விற்கலாகாது.

தோய்ந்த தயிரைப் பத்து நிமிடம் கொதிநீரில் இட்டுப் பிழிந்த மெல்லிய வெள்ளைத் துணியில் கட்டி, ஒரு பாத்திரத்தின் மேல் மூன்று அல்லது நான்கு மணி நேரம் தொங்கவிட வேண்டும். பகல் வெப்பத்தில் தயிர் விரைவிற் புளித்துவிடுமாதலால், குளிர்பதனப் பெட்டிக்குள் வடிகட்டியின் மேல் வைத்து வடிப்பது சாலச் சிறந்தது. அவ்வசதி இல்லாதோர் விடியற்காலையில் வடிக்கலாம். 1 லிட்டர் பாலின் தயிரிலிருந்து ஏறத்தாழ 400 முதல் 500 கிராம் கெட்டித் தயிர் கிடைக்கும். வடிந்த நீரைக் கொட்டிவிடலாகாது, அதிலும் சத்துண்டு. மோரிற் சேர்த்துப் பருகலாம். சப்பாத்தி மாவு பிசையவும் பயன்படுத்தலாம்.

நீரை ஏன் வடிக்க வேண்டும் என்று கேட்கலாம். தயிரில் உள்ள நீர்தான் உறையும்போது பெரிய பனிப் பரல்களாக மாறி நாவில் நறநறவென்று உறுத்துகிறது. நீர் குறையக் குறையப் பண்டம் வெண்ணெயைப் போல மென்மையாக இருக்கும்.

பழங்களைப் பக்குவம் செய்தல்

மிகவும் கனிந்த பழமே இதற்கு ஏற்றது. ஆனால் கனிந்த பழம் வேறு, அழுகிய பழம் வேறு. பூஞ்சை படர்ந்ததையும், புளித்த வாடை வீசுவதையும் விலக்கிவிட வேண்டும். கார்பைடுக் கல் வைத்துப் பழுக்கச் செய்தல் சட்டத்தால் தடை செய்யப்பட்டுள்ளது. வைக்கோலில் இட்டுப் பழுக்க வைத்த தோட்டத்துப் பழத்துக்கு நிகர் வேறில்லை. எப்பழமாயினும் தோலுடன் நன்கு கழுவிய பின்னரே அரிய வேண்டும்.

மாம்பழம், சப்போட்டா, வாழை ஆகியவற்றை நேரே மசித்துச் சேர்க்கலாம். வாழை விரைவிற் கறுக்குமாதலின் மசித்தவுடன் சில துளி எலுமிச்சைச் சாறு விடுதல் நலம். ஆயக்குடி போன்ற இடங்களில் மிகுதியாக விளையும் கொய்யாவை மசித்து, வடிகட்டியில் தேய்த்து விதையை நீக்க வேண்டும். வைட்டமின் 'சி' சத்தில் கொய்யாவை மிஞ்சும் பழங்கள் சிலவே. அன்னாசியையும் பப்பாளியையும் பச்சையாகத் தயிரில் கலந்தால் சிறிது நேரத்தில் கசப்புத் தட்டும். அவற்றில் உள்ள ஒருவகை நொதி பாலின் புரதத்தைச் சிதைப்பதே இதற்குக் காரணம். இவ்விரண்டையும் சர்க்கரையுடன் சில நிமிடம் கொதிக்க வைத்து, ஆற்றிச் சேர்த்தால் அக்குறை நீங்கும்.

உறைய வைத்தல்

கெட்டித் தயிரில் சர்க்கரையைத் தூளாக்கிச் சேர்த்து, கட்டியின்றிக் கடைய வேண்டும். பின்னர்ப் பழக்கூழும் ஏலப்பொடியும் கலக்க வேண்டும். உறைந்தபின் இனிப்பு நாவுக்குக் குறைவாகவே தோன்றும். எனவே கலவை சற்றுக் கூடுதலாக இனித்திருக்கலாம். இனி மூன்று வழிகள் உள்ளன.

முதல் வழி: கலவையை மூடியுள்ள பாத்திரத்தில் ஊற்றிக் குளிர்பதனப் பெட்டியின் உறைபகுதியில் வைக்க வேண்டும். முக்கால் மணி நேரம் கழித்து, ஓரங்களில் உறைந்திருப்பதைக் கரண்டியால் சுரண்டி நன்கு கலக்க வேண்டும். பின்னர் அரை மணிக்கு ஒரு முறையாக மூன்று நான்கு தடவை இவ்வாறு செய்தால் பனிப் பரல்கள் உடைந்து, பண்டம் மிருதுவாகும். அதன்பின் மூன்று அல்லது நான்கு மணி நேரம் அசைக்காமல் விட வேண்டும். சிறிய கிண்ணங்களில் இட்டால் எட்டுப் பேருக்குப் போதும்.

இரண்டாம் வழி மிகவும் எளிது, கலக்க வேண்டுவதில்லை. வெந்நீரில் கழுவித் துடைத்த வாழையிலையைத் தட்டில் விரித்து, அதன்மேல் கலவையைக் கால் அங்குலக் கனத்துக்குப் பரப்பி, பழத் துண்டுகளை அடுக்கி உறைய வைக்க வேண்டும். மூன்று அல்லது நான்கு மணியில் அது தகடு போல இறுகிவிடும். இலையை உரித்துவிட்டுத் துண்டு துண்டாக உடைத்துக் குழந்தைகளுக்குக் கொடுக்கலாம். திராட்சையை முழுதாகப் பதிக்கலாகாது. சிறு குழந்தைகளின் தொண்டையில் அது சிக்கிக் கொள்ளும். நீளவாக்கில் நான்காக அரிந்து வைக்க வேண்டும்.

மூன்றாம் வழி, குளிர்பதனப் பெட்டி இல்லாத வீட்டுக்கு உரியது. அகன்ற வாளியில் நொறுக்கிய பனிக்கட்டி மூன்று பங்கும் கல்லுப்பு ஒரு பங்கும் எடையளவில் கலந்து இட வேண்டும். உப்புச் சேர்ந்த பனிக்கட்டி, பூஜ்யத்துக்கும் வெகுவாகக் கீழே இறங்கிக் குளிரும். கலவை நிறைந்த மூடியுள்ள தூக்குப் பாத்திரத்தை அதன் நடுவே புதைத்து, கைப்பிடியைப் பற்றி இப்புறமும் அப்புறமும் திருப்பிக் கொண்டிருக்க வேண்டும். பத்து நிமிடத்துக்கு ஒரு முறை மூடியை நன்கு துடைத்துத் திறந்து, ஓரத்தைச் சுரண்டிக் கலக்க வேண்டும். முக்கால் மணியளவில் பண்டம் கெட்டியாகிவிடும். தொழிற்சாலைப் பனிக்கட்டி பாத்திரத்துக்கு வெளியே நிற்க வேண்டியதேயன்றி, ஒரு துண்டேனும் உள்ளே விழலாகாது. வேலை முடிந்தபின் எஞ்சும் உப்பு நீரைச் செடியடியிலும் கிணற்றங்கரையிலும் ஊற்றாதீர்கள், மண் கெடும்.

மின்சாரம் நின்று பண்டம் முழுவதும் இளகிவிட்டால், அதனை மறுபடியும் உறைய வைத்துக் கொடுக்கலாகாது. எவ்வாறாயினும் ஒரு வாரத்துக்குள் உண்டு முடிப்பது நன்று.

ஊராட்சியின் பங்கு

இல்லத்தரசி எத்துணைத் தூய்மையாக இருப்பினும், பாத்திரம் கழுவும் நீரே மாசுற்றிருந்தால் அவள் உழைப்பு வீணாகும். இங்கேதான் அடுக்களைக்கும் ஊராட்சி அலுவலகத்துக்கும் உள்ள தொடர்பு விளங்குகிறது. மேல்நிலைத் தொட்டி முறை தவறாது கழுவப் பெறுகிறதா? குளோரின் கலக்கப் பெறுகிறதா? தெருக்கோடிக் குழாயிலும் அதன் அளவு லிட்டருக்கு 0.2 மில்லிகிராமுக்குக் குறையாமல் இருக்கிறதா? இவற்றை உறுப்பினர்கள் நேரிற் கண்டறிதல் வேண்டும். 2019-இல் தொடங்கப் பெற்ற ஜல் ஜீவன் திட்டம், நீரைச் சோதிக்க ஊர்தோறும் ஐந்து பெண்களுக்குப் பயிற்சி அளிக்க வழி வகுத்துள்ளது. உங்கள் ஊரில் அப்பெண்கள் யாவர் என்பதை ஒவ்வொரு வீட்டாரும் அறிந்திருக்க வேண்டும்.

தமிழகத்தில் கிராம சபை கூடுவதற்குரிய நாட்களுள் உலகத் தண்ணீர் நாளாகிய மார்ச் 22-உம் ஒன்று. கோடைக்கு முன்னே வரும் அந்நாளில், குழாய் நீரின் சோதனை முடிவைச் சபையில் படிக்கச் செய்வது தக்கதாகும். ஊரில் விற்கப்படும் ஐஸ் எந்நீரில் செய்யப்படுகிறது என்பதைப் பற்றியும் அங்கே கேள்வி எழுப்பலாம். ஐஸ் விற்பவரும் உழைத்துப் பிழைப்பவரே. அவரை விரட்டுவது நோக்கமன்று. நல்ல நீரில் செய்த பண்டத்தை அவர் விற்கும்படி செய்வதே நோக்கமாதல் வேண்டும். மகளிர் சுய உதவிக் குழுவினர் இச்சிற்றுண்டியைச் செய்து விற்க முற்பட்டால், 2006-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ்ப் பதிவு செய்து கொண்ட பின்னரே தொடங்க வேண்டும்.

நாள்தோறும் செய்ய வேண்டுவதில்லை. கோடை விடுமுறையில் வாரம் ஒரு நாள், ஒரு லிட்டர் பாலை மட்டும் சங்கத்துக்கு அனுப்பாமல் வீட்டில் நிறுத்தி வையுங்கள். மரத்தடியில் கிடக்கும் நல்ல பழத்தைப் பிள்ளைகளையே பொறுக்கி வரச் சொல்லுங்கள். அதைத் தொடுமுன் அவர்கள் சோப்பிட்டுக் கை கழுவட்டும். பாலைக் காய்ச்சுவதேன், துணியைக் கொதிக்க வைப்பதேன் என்று அவர்கள் கேட்பார்கள். அவ்வேளையில் பொறுமையாக விடை கூறுங்கள். தம் கையால் செய்ததை உண்ட சிறுவன், அடுத்த முறை ஐஸ் வண்டியின் மணியோசை கேட்கும்போது, இது எந்தத் தண்ணீர் என்று தானே கேட்பான்.