பட்டனை ஒருமுறை அழுத்தினால் நான்கு முறை எண்ணுகிறதே, ஏன்?

எம்பெடெட் இன்ஜினியர் வேலைக்கு நேர்காணல் என்று மெயில் வந்துவிட்டது. உடனே போனை எடுத்து ‘முக்கியமான 100 கேள்வி பதில்கள்’ என்று தேடுவீர்கள். கொஞ்சம் பொறுங்க.

வாஷிங் மெஷின், மின்சார ஸ்கூட்டர், சர்க்கரை அளவு பார்க்கும் கருவி என எல்லாவற்றுக்குள்ளும் ஒரு சின்ன சிப் இருக்கிறது. அதற்குப் புரோகிராம் எழுதி, சரியாக ஓடுகிறதா என்று பார்ப்பதுதான் எம்பெடெட் வேலை. கோடும் தெரியணும், சர்க்யூட்டும் தெரியணும். அதனால் கேள்விகளும் வேறு மாதிரி வரும்.

ஒரு உதாரணம். “போர்டில் ஒரு பட்டன் இருக்கு. ஒருமுறை அழுத்தினா எண்ணிக்கை 1 கூடணும். ஆனா சில நேரம் 3, 4 கூடுது. ஏன்?”

மனப்பாடம் செய்தவர் “பவுன்ஸ் சார்” என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவார். சொல் சரிதான். பட்டனுக்குள் இருக்கும் உலோகத் தகடுகள் சேரும்போது சில மில்லி நொடிகளுக்கு அதிர்ந்து, சேர்ந்து பிரிந்து சேரும். ஒரு மில்லி நொடி என்பது நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு. நம் விரலுக்கு அது தெரியாது, சிப்புக்குத் தெரியும். ஒவ்வொரு தொடுதலையும் ஓர் அழுத்தலாக அது எண்ணிவிடுகிறது. 20 மில்லி நொடி கழித்து மறுபடி படித்து, அப்போதும் அழுத்தியபடியே இருந்தால் மட்டும் எண்ணச் சொன்னால் பிரச்சினை தீரும்.

நேர்காணல் சூடு பிடிப்பது இதற்குப் பிறகுதான். “அந்த 20 மில்லி நொடியும் சிப் சும்மா நின்னா, மத்த வேலை என்னாகும்?” அப்போது டைமர் பற்றிப் பேச வேண்டும். “தப்பு பட்டன்லதான், கோடுல இல்லைன்னு எப்படி உறுதியா சொல்றீங்க?” ஆசிலோஸ்கோப்பில் சிக்னலைப் பார்ப்பேன் என்று சொல்லலாம். விடை எங்கே முடிகிறது என்பதைவிட, நீங்கள் எப்படிப் பிரித்துப் பார்க்கிறீர்கள் என்பதைத்தான் எதிரே இருப்பவர் கவனிக்கிறார். அதனால் யோசிப்பதை வாய்விட்டுச் சொல்லுங்க. சந்தேகம் இருந்தால் திருப்பிக் கேட்கலாம், தப்பில்லை. “தெரியலைங்க, ஆனா இப்படித் தொடங்கிப் பார்ப்பேன்” என்பதும் நல்ல பதில்தான். இரண்டு நிமிடம் பேசாமல் உட்கார்ந்திருப்பதுதான் ஆபத்து.

இன்னொன்று, கொஞ்சம் கசப்பானது. இறுதியாண்டு ப்ராஜெக்டைக் கடையில் விலைக்கு வாங்கி ரெஸ்யூமில் போட்டிருக்கிறீர்களா? “இந்த சென்சாரை ஏன் தேர்ந்தெடுத்தீங்க, இந்த பின்னுல ஏன் கொடுத்தீங்க?” என்று கேட்டாலே கதை வெளியே வந்துவிடும். அதற்குப் பதில் நீங்களே செய்த ஒரு சின்ன பட்டன் கவுன்டர் போதும். அது கெட்டுப்போய், நீங்கள் சரிசெய்த கதை இருந்தால் இன்னும் நல்லது. போர்டு வாங்கக் காசில்லையா? வோக்வி என்ற இணையதளத்தில் பிரவுசரிலேயே ஆர்டுயினோவை ஓட்டிப் பார்க்கலாம். அங்கே பட்டன் நிஜம் போலவே பவுன்ஸ் ஆகும்!

சி மொழியை அடிப்படையிலிருந்து படிக்க என்பிடெல் பாடங்கள் இலவசம், சான்றிதழ் தேர்வுக்கு மட்டும்தான் கட்டணம். கல்லூரியில் இருக்கிறீர்கள் என்றால், 2022 மார்ச் 1 அன்று தமிழ்நாடு அரசு தொடங்கிய ‘நான் முதல்வன்’ திட்டத்தில் உங்கள் துறைக்கு என்ன பயிற்சி இருக்கிறது என்று பாருங்கள். 10, 12-ஆம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ்களை டிஜிலாக்கரில் முன்பே எடுத்து வைத்துவிட்டால், காலையில் பீரோவைக் கலைக்க வேண்டாம்.

கடைசியாக, அந்த மெயிலையே இன்னொருமுறை பாருங்கள். அனுப்பிய முகவரி நிறுவனத்தின் சொந்த முகவரிதானா? ‘லேப்டாப்புக்கு முன்பணம்’, ‘பயிற்சிக் கட்டணம், பிறகு திருப்பித் தருவோம்’ என்று எழுதியிருக்கிறதா? வேலை கொடுப்பவர் உங்களிடம் பணம் கேட்கிறார் என்றால் அங்கேயே நிறுத்துங்கள். அம்மாவின் நகையை அடகு வைத்து அனுப்பிவிட்ட பிறகு யோசிக்க நேரம் இருக்காது. ஏற்கெனவே அனுப்பிவிட்டீர்கள் என்றால் வெட்கப்பட்டு மறைக்காமல் உடனே 1930 என்ற எண்ணுக்குக் கூப்பிடுங்க. எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ, அந்தப் பணம் அடுத்த கணக்குக்குப் போகும் முன் முடக்க அவ்வளவு வாய்ப்பு இருக்கிறது.