குறட்டையை அலட்சியம் செய்யாதீர்கள்

கேள்வி: என் கணவர் லாரி ஓட்டுநர். பலமாகக் குறட்டை விடுகிறார். நடுநடுவே மூச்சே நின்றுவிடுகிறது. பகலில் கண் சொக்குகிறது. செலவழிக்க வசதியில்லை. என்ன செய்வது?
– ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: இது ‘ஸ்லீப் ஆப்னியா’வாக இருக்கலாம், சகோதரி. தூக்கத்தில் தொண்டைத் தசைகள் தளர்ந்து மூச்சுப்பாதையை அடைத்துவிடும். 10 விநாடியோ அதற்கு மேலோ மூச்சு நிற்பது மணிக்கு 30 முறையைத் தொட்டால் நோய் தீவிரம் என்று அர்த்தம். ரத்த அழுத்தம், பக்கவாதம் வரை கொண்டுபோய்விடும். ஓட்டுநருக்கோ சாலையிலேயே ஆபத்து.

அவர் தூங்குவதைச் செல்போனில் படம்பிடித்துக்கொண்டு, அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் நெஞ்சக நோய்ப் பிரிவுக்குப் போங்கள். தூக்கப் பரிசோதனை அங்கே இல்லையென்றால், இருக்கும் இடத்துக்குப் பரிந்துரைச் சீட்டு கேளுங்கள். அதுவரை ஒருக்களித்துப் படுக்கட்டும், மது வேண்டாம், தூக்கம் வந்தால் வண்டியை ஓரங்கட்டட்டும்.

1981-இல் ஆஸ்திரேலிய மருத்துவர் காலின் சல்லிவன் அறிமுகப்படுத்திய ‘சிபாப்’ கருவிதான் இதற்கு முக்கிய சிகிச்சை. முகமூடி வழியே காற்றழுத்தம் தந்து பாதையைத் திறந்தே வைக்கும். ஆனால் அதன் விலை ஏழைக்கு எட்டாது. பரிசோதித்து நோயைச் சொல்லிவிட்டு வெறுங்கையோடு அனுப்புவது வைத்தியமாகாது. மருத்துவமனைகளே கருவியை இலவசமாக இரவல் தர வேண்டும். நிம்மதியான மூச்சு எல்லோருக்கும் உரியது.