இலண்டன் மாநகரின் கரும்பனி

1952-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 5-ந் தேதி இலண்டன் மாநகரைக் கவிந்த மூடுபனியை அந்நகரத்தார் முதலிற் பொருட்படுத்தினாரல்லர். பனி அவர்க்குப் புதியதன்று. குளிருக்கஞ்சி வீடுதோறும் கணப்பில் நிலக்கரியை மிகுதியாக எரித்தனர். மேலே வெப்பக்காற்று மூடிபோல் நின்றமையின், புகை எழ வழியின்றி ஐந்து நாள் தெருக்களிலேயே தங்கிற்று. நிலக்கரியில் எரிந்த கந்தகத்தின் வாயு பனித்துளியிற் கலந்து அமிலமாயிற்று. அதனைச் சுவாசித்தோரின் மூச்சுக்குழல்கள் வீங்கிச் சுருங்கின. நுண்ணிய கரித்துகள்களோ நுரையீரலின் சிற்றறைகள்வரை சென்று படிந்தன. முதியோரும், குழந்தைகளும், முன்னரே மார்புநோயுற்றோரும் பெரிதும் மாண்டனர். விந்தை யாதெனின், மரணக் கணக்கைக் கூட்டிப் பார்த்த பின்னரே ஏறத்தாழ 4,000 பேர் வழக்கத்தினும் மிகையாக இறந்தமை புலனாயிற்று. பிற்கால ஆய்வாளர் சிலர் 12,000 என்பர். அதுகாறும் ஆலைப்புகையை மட்டுமே கண்டித்துவந்த அரசாங்கம், 1956-ஆம் ஆண்டுச் சட்டத்தால் வீட்டுக் கணப்பின் புகையையும் வரையறுத்தது.