பரிணாமத்தைத் திருப்பிக்கொள்ள வழி வைப்பவர்களுக்கு

போகிமான் விளையாட்டு 1996-இல் ஜப்பானில் வெளியான நாளிலிருந்து, பரிணாமம் அடைந்த உயிரி பழைய உருவத்துக்குத் திரும்பாது என்பதே விதி. உருவம் மாறும் நேரத்தில் ‘பி’ பொத்தானை அழுத்தித் தடுக்கலாம். 1999-இல் வந்த கோல்ட், சில்வர் விளையாட்டுகளில் எவர்ஸ்டோன் என்ற கல்லும் கிடைத்தது. அதை வைத்திருக்கும் உயிரி மாறாது. மாறிவிட்டால் மாறியதுதான்.

இந்த விதியைத் தளர்த்த வேண்டும் என்பது என் கட்சி. இடிக்கல்லைக் கொடுத்துப் பிக்காச்சுவை ரைச்சு ஆக்கிவிட்டுப் பழைய முகத்துக்கு ஏங்கும் சிறுமியிடம், ‘வேறொன்றைப் பிடித்துக்கொள்’ என்பது பதிலாகாது. பிடிபடுவது வேறு பிக்காச்சு. அதற்காகக் கணக்குப் பார்க்காமல் கதவைத் திறந்துவிடவும் கூடாது. இப்படியொரு விளையாட்டைச் சொந்தமாக உருவாக்குபவர்கள் கவனிக்க வேண்டியவை இவை.

செய்ய வேண்டியவை

• திரும்பி வருவது அதே உயிரியாக இருக்கட்டும். வைத்த பெயர், வாங்கிய ரிப்பன், பிடிபட்ட இடம், வளர்த்தவரோடு உண்டான நெருக்கம் எல்லாம் கூடவே வர வேண்டும். இவற்றில் ஒன்று அழிந்தாலும் இந்த வசதியைக் கொடுத்ததில் அர்த்தமில்லை.

• பின்னால் போவதற்கும் ஒரு பலன் வையுங்கள். இதை அழகாகச் செய்தது 2015-இல் ஜப்பானில் வந்த ‘டிஜிமான் ஸ்டோரி: சைபர் ஸ்லூத்’. அங்கே முன்னேறினாலும் பின்வாங்கினாலும் லெவல் 1-க்கு இறங்கிவிடும். அதற்கு ஈடாக ஏபிஐ என்ற எண் ஏறும். அது ஏற ஏற, எட்டக்கூடிய உச்ச லெவலும் உயரும். சில பெரிய உருவங்களை அடைய ஏபிஐ இவ்வளவு இருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் உண்டு. ஆகவே ஒரே உயிரியை ஏற்றி, இறக்கி, வேறு கிளையில் மறுபடி ஏற்றுவதுதான் அந்த விளையாட்டின் உயிர்நாடி. வழியில் கற்ற பொதுவான தாக்குதல்களும் கூடவே வருகின்றன. ஆட்டக்காரர் கொடுக்கும் விலை மறுபடி வளர்க்கும் உழைப்பு, அதுவும் வீணாவதில்லை. இதைவிட நியாயமான பேரத்தை நான் பார்த்ததில்லை.

• கதைக்குள் காரணம் தேடுங்கள். ஸ்லோபோக்கின் வாலை ஷெல்டர் கவ்வினால் ஸ்லோப்ரோ ஆகிறது. கடும் சண்டையில் ஷெல்டர் கழன்று விழுந்தால் அது மறுபடி சாதாரண ஸ்லோபோக்காகிவிடும் என்று ஆட்டத்தின் உயிரிப் பட்டியலான போகிடெக்ஸின் குறிப்பே சொல்கிறது. ஆனால் ஆட்டத்தில் அப்படி நடக்க வழியே வைக்கவில்லை! கையில் இருந்த அருமையான வாய்ப்பு அது.

• திரும்பிய உயிரிக்கு ஒரு பூட்டுப் போடுங்கள். சார்மாண்டர் லெவல் 16-இல் மாறும். 40-ஆம் லெவலில் இருக்கும் சாரிசார்டைச் சார்மாண்டராக்கினால் அடுத்த லெவலிலேயே உருவம் மாறத் தொடங்கும். எவர்ஸ்டோன் கொடுக்காவிட்டால், ஆட்டக்காரர் ஒவ்வொரு முறையும் ‘பி’யை அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும். 2022-இல் வந்த ‘லெஜண்ட்ஸ்: ஆர்சியஸ்’ போல, எப்போது மாறுவது என்பதை அவரிடமே விட்டுவிடலாம்.

• உருவத்துக்கே உரிய தாக்குதல் உருவத்தோடு போகட்டும். சலவை இயந்திரத்துக்குள் புகும் ரோட்டம் என்ற போகிமான் ‘ஹைட்ரோ பம்ப்’ கற்கிறது, வெளியே வந்தால் மறக்கிறது. எது போகும், எது நிற்கும் என்பதை ‘சரி’ பொத்தானுக்கு முன்பே திரையில் காட்டிவிடுங்கள்.

செய்யக்கூடாதவை

• செலவான பொருளைத் திருப்பித் தராதீர்கள். ‘போகிமான் கோ’ விளையாட்டில் மேஜிகார்ப்பைக் கியாரடோஸ் ஆக்க 400 கேண்டி வேண்டும். பின்வாங்கினால் கேண்டி திரும்பும் என்று வைத்தால், கியாரடோஸைப் பட்டியலில் பதிந்துவிட்டு உடனே கேண்டியை வாங்கிக்கொள்வார்கள். சேர்த்த உழைப்புக்கு மதிப்பே இருக்காது.

• ஒன்று இரண்டாகும் இனங்களை அப்படியே திறந்துவிடாதீர்கள். நின்காடா பரிணாமம் அடையும்போது நின்ஜாஸ்க் ஆகிறது. அணியில் இடம் காலியாக இருந்தால், உதிர்ந்த கூடும் ஷெடின்ஜா என்ற தனி உயிரியாகச் சேர்கிறது. நின்ஜாஸ்க்கைப் பின்னால் கொண்டுபோய் மறுபடி ஏற்றினால் இன்னொரு ஷெடின்ஜா, அப்புறம் இன்னொன்று. கணக்கில்லாமல் பெருகும். இரண்டும் சேர்ந்தால்தான் நின்காடா திரும்பும் என்று வைத்தால் இந்த ஓட்டை அடைபடும்.

• ஒருமுறை தாண்டிய நிபந்தனையை மறுபடி கேட்காதீர்கள். ஹான்டர், கெங்கார் ஆக வேண்டுமானால் பெரும்பாலும் இன்னொருவரோடு பரிமாற வேண்டும். அன்று கைமாற்றித் தந்த நண்பர் இன்று விளையாட்டையே விட்டிருக்கலாம்.

• போட்டிச் சண்டையின் நடுவில் அனுமதிக்காதீர்கள். சண்டைக்குள் உருவம் மாற, 2013-இன் மெகா பரிணாமம் போல, சண்டை முடிந்ததும் தானே கலையும் முறை போதும்.

• காசுக்கு விற்காதீர்கள். அறியாமல் பொத்தானை அழுத்திவிட்டு அழும் பிள்ளையிடம், பழைய தோழனைத் திருப்பித் தரப் பணம் கேட்பது கொடுமை. இதை மட்டும் எந்த வியாபாரக் காரணத்துக்காகவும் விட்டுக்கொடுக்க வேண்டாம்.