வலியில்லாத வீக்கம்

பதினைந்து வயதில் என் மகனுடைய வலது தாடையில் ஒரு வீக்கம் தோன்றியபோது, வலிக்காததெல்லாம் வியாதியே அல்லவென்று எண்ணிவிடும் மனித சுபாவத்துக்கேற்ப, கடைவாய்ப் பல் முளைப்பதன் விளைவென்று நாங்களே தீர்மானித்து, ஆறு மாத காலத்தை மாத்திரைகளிலும் உப்புநீர்க் கொப்பளிப்பிலும் விரயம் செய்தோம். பற்கள் ஆடத் தொடங்கிய பிறகே தாடை முழுவதையும் எக்ஸ்ரே எடுத்தோம். எலும்புக்குள் சோப்பு நுரைபோல் குமிழ் குமிழாகத் தெரிந்தது. சதைத்துணுக்கைப் பரிசோதித்து, எனாமலை உண்டாக்கும் திசுவின் வழிவந்த அமிலோபிளாஸ்டோமா என்றும், புற்று அல்லவென்றும் சொன்னார்கள்.

"அப்படியானால் சுரண்டி எடுத்துவிடலாமே, டாக்டர்?" என்றேன்.

"புத்து இல்லைன்னுதான் சார் சொன்னேன், சாதுன்னு சொல்லலையே!" என்றார் அவர்.

இளம்பிராயத்தினருக்கு அதிகம் வரும் ஒற்றைப் பை வகையாயின் சில சமயம் சுரண்டுவதே போதுமென்றும், இவனுக்கு வந்திருப்பது திடவகையாதலால் ஓரத்தில் 1 முதல் 2 சென்டிமீட்டர் நல்ல எலும்பையும் சேர்த்து அறுக்காவிட்டால் மீண்டும் தழைக்குமென்றும் விளக்கினார். ஆகவே, எந்த வகை என்பதே பெற்றோர் கேட்கவேண்டிய முதல் கேள்வி.

1989-ல் டேவிட் ஹிடால்கோ என்ற அமெரிக்க நிபுணர் தாடைக்குக் கையாண்ட முறைப்படி, அறுத்தெடுத்த பகுதிக்கு ஈடாக, உடற்பாரத்தை அதிகம் சுமக்காத காலின் வெளிப்புறச் சிற்றெலும்பை ரத்தக்குழாயோடும் தோலோடும் எடுத்து, தாடையின் வளைவுக்கேற்பத் துண்டித்து, டைட்டானியத் தகட்டில் பொருத்தி, கழுத்து ரத்தக்குழாய்களோடு இணைத்தார்கள். அன்றிரவு முழுவதும் மணிக்கொரு தரம் நர்ஸ் வந்து, காலிலிருந்து வாய்க்குக் குடியேறிய தோலை விரலால் அழுத்தி, நிறம் திரும்புகிறதாவென்று பார்த்ததை நாங்கள் மூச்சடக்கிப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

எலும்போடு நரம்பும் போனதால் கீழுதடு மரத்துப்போனது. கஞ்சி வழிந்தாலும் அவனுக்குத் தெரியாது. என் மனைவி தட்டருகே ஒரு கைக்கண்ணாடியை வைத்தாள், சூட்டைத் தன் புறங்கையில் பார்த்த பிறகே ஊட்டினாள். தாடையைப் பற்றிய கவலையில் காலை மறந்துவிடலாகாது. கால் கட்டைவிரலை மடக்கும் அப்பியாசம் அவசியம். செயற்கைப் பற்களுக்கோ வளர்ச்சி முடியும்வரை பொறுமை வேண்டும்.

இக்கட்டி பத்தாண்டுகள் கழித்தும் தலைகாட்டக்கூடுமாதலால், எக்ஸ்ரே படங்களைத் தேதிவாரியாக ஓர் உறையில் வைத்திருக்கிறோம். "வலியொன்றும் இல்லையே அப்பா, இந்த வருஷம் போகாவிட்டால் என்ன?" என்று அவன் கேட்கும்போதெல்லாம், அவன் தாயார் பதில் பேசாமல் அந்த உறையை எடுத்து அவன் கையில் கொடுத்துவிடுகிறாள்.