நகரக் கழிவுச் சேற்றிலிருந்து கூட்டெரு: ஒப்பந்தத்தின் முன் ஆராய வேண்டியவை

நகரங்களிற் சேரும் மலக்கழிவை மண்ணுக்கு மீட்டளித்தல் நல்லதோர் எண்ணமே. வயலிலிருந்தும் தோட்டத்திலிருந்தும் உணவாக நகரம் சென்ற சத்துக்களிற் பெரும்பங்கு அக்கழிவிலேயே தங்கியுள்ளது. எனினும், அக்கழிவோடு நோய்க்கிருமிகளும் உலோகங்களும் வேறு இரசாயனப் பொருள்களும் கலந்து வருகின்றன. ஆதலால், நகரசபையொன்று தன் கழிவுச் சேற்றைக் கூட்டெருவாக்கும் வேலையை ஓர் ஒப்பந்தகாரரிடம் ஒப்படைக்க எண்ணும்போது, அது நகரவாசிகளுக்கு மட்டும் உரிய விடயமன்று. அந்த எரு இறுதியில் வந்து சேருமிடம் கமக்காரரின் நிலமேயாகும்.

1. கழிவுச் சேறு என்பது யாது?

குழாய்த் தொகுதி வழியே வரும் கழிவுநீரைச் சுத்திகரிக்கும் நிலையத்தில், நீர் தெளிந்து வெளியேற, அடியிற் படியும் பொருளே கழிவுச் சேறு எனப்படும். குழாய்த் தொகுதி இல்லாத இடங்களில் வீட்டுக் குழிகளிலிருந்து பவுசர் வண்டிகள் உறிஞ்சிச் செல்லும் கழிவும் இவ்வகையினதே. இலங்கையிற் பெரும்பாலான வீடுகள் இத்தகைய குழிகளையே பயன்படுத்துகின்றன.

நீர் பிழியப்பட்ட பின்னரும் இச்சேற்றில் நூற்றுக்கு ஏறத்தாழ 80 பங்கு நீரே உண்டு. ஒரு தொன் சேற்றில் திண்பொருள் 200 கிலோகிராம் மாத்திரமே. ஒப்பந்தத்தின் விலையைக் கணக்கிடும்போது இதனை மறத்தலாகாது.

2. பிற நாடுகளின் அனுபவம்

ஐக்கிய அமெரிக்காவின் மில்வாக்கி நகரம் 1926 ஆம் ஆண்டு முதல் தன் கழிவுச் சேற்றை வெப்பத்தால் உலர்த்திப் பசளையாக விற்று வருகின்றது. அந்நாட்டு விவசாயத் திணைக்களத்தின் பெல்ற்சுவில் ஆராய்ச்சி நிலையத்தில், 1970 ஆம் ஆண்டுகளில், வாசிங்டன் நகரின் சேற்றைக் கொண்டு காற்றூட்டிய குவியல் முறை உருவாக்கப்பட்டது. இம்முறை பின்னர் பல நகரங்களிற் கைக்கொள்ளப்பட்டது.

கனடாவின் எட்மன்டன் நகரம், வீட்டுக் குப்பையையும் கழிவுச் சேற்றையும் ஒருங்கே கூட்டெருவாக்கும் பெரிய நிலையமொன்றை 2000 ஆம் ஆண்டில் இயக்கத் தொடங்கியது. கட்டடக் கூரையின் சட்டங்கள் பலமிழந்தமையால் அது 2019 ஆம் ஆண்டில் மூடப்பட்டது. ஈரமும் அமோனியா வாயுவும் இடையறாது எழும் இடத்தில் உருக்கு நெடுநாள் நிலைக்காது. கட்டடத்தைப் பேணும் செலவு யாருடையது என்பது ஒப்பந்தத்தில் முன்கூட்டியே எழுதப்படல் வேண்டும் என்பதற்கு இது தக்க சான்று.

ஐக்கிய அமெரிக்காவின் மேயின் மாநிலம் பல்லாண்டுகளாகக் கழிவுச் சேற்றையும் அதிலிருந்து பெறப்பட்ட கூட்டெருவையும் கமங்களில் இட்டு வந்தது. பின்னர், புளோரீன் சேர்ந்த ஒருவகைச் செயற்கை இரசாயனப் பொருள்கள் அக்கமங்களின் மண்ணிலும் கிணற்று நீரிலும் பசுப்பாலிலும் காணப்பட்டன. ஒட்டாத சமையற் சட்டிகளுக்கும், நீர் புகாத துணிகளுக்கும், தீயணைக்கும் நுரைக்கும் பயன்படும் இப்பொருள்கள் கூட்டெருக் குவியலில் அழிவதில்லை. 2022 ஆம் ஆண்டில் அம்மாநிலம் சேற்றை நிலத்திலிடுதலையும் சேற்றுக் கூட்டெருவை விற்றலையும் சட்டத்தாற் தடைசெய்தது. அதன் பின், சேற்றைக் கொட்ட இடம் போதாமையால், 2023 ஆம் ஆண்டில் அதனை அயல்நாடான கனடாவுக்கு ஏற்றிச்செல்ல வேண்டிய நிலையும் உண்டாயிற்று. பால் விற்க இயலாது போன கமக்காரரின் நட்டமும், சேற்றை வைத்துக்கொண்டு திகைத்த நகரங்களின் நட்டமும் ஒரே வேரினின்றும் எழுந்தவை. சேற்றினுள் என்ன வருகின்றது என்பதை எவரும் காலத்திற் சோதிக்கவில்லை.

3. சேறு எருவாகும் விதம்

கூட்டெரு உண்டாக்கும் நுண்ணுயிர்களுக்குக் காற்று, ஈரம், உணவு ஆகிய மூன்றும் அளவாக வேண்டும். சேற்றில் நைதரசன் மிகுதி, காபன் குறைவு. காபனும் நைதரசனும் சேற்றில் 6 முதல் 10 வரைக்கு 1 என்ற விகிதத்தில் உள்ளன. நன்றாக உக்குதற்கு இது 25 முதல் 30 வரைக்கு 1 ஆதல் வேண்டும். எனவே வைக்கோல், மரத்தூள், மரச்சீவல், உமி போன்றவை கலக்கப்படும். இவற்றுள் உமி எளிதில் உக்குவதில்லை. எனினும் குவியலினுள் காற்று நுழைய இடம் தருகின்றது. கலவையின் ஈரம் நூற்றுக்கு 50 முதல் 60 பங்கு வரை இருத்தல் நன்று.

பெல்ற்சுவில் முறையில், துளையிட்ட குழாய்களின் மேல் மரச்சீவலைப் பரப்பி, அதன்மேற் கலவையைக் குவித்து, முதிர்ந்த எருவால் மூடிவிடுவர். விசிறிப் பொறி குவியலினூடாகக் காற்றை இழுக்கும். ஏறத்தாழ 21 நாள் சென்றபின் குவியல் பிரிக்கப்பட்டு, மேலும் ஒரு மாதம் வரை முதிரவிடப்படும்.

நோய்க்கிருமிகளை அழிப்பது வெப்பமே. ஐக்கிய அமெரிக்காவில் 1993 ஆம் ஆண்டு வெளியான விதிகளின்படி, காற்றூட்டிய குவியலில் 55 பாகை செல்சியசு வெப்பம் தொடர்ந்து 3 நாள் நிலைத்தல் வேண்டும். திறந்த வரிசைக் குவியலாயின் அவ்வெப்பம் 15 நாள் நிலைத்தலும், அக்காலத்துள் குவியல் 5 முறை புரட்டப்படுதலும் வேண்டும். புரட்டுதலின் நோக்கம் யாதெனில், குளிர்ந்திருக்கும் வெளிப்பாகமும் உள்ளே சென்று சூடேறுதலாகும். உருண்டைப் புழுவின் முட்டைகள் மண்ணிற் பல ஆண்டுகள் உயிருடன் கிடக்கக்கூடியவை. மழையில் நனைந்து குளிர்ந்த குவியலில் அவை அழியா. ஆகவே மாரிகாலத்தில் கூரையின்றி இவ்வேலையைச் செய்தல் பயனற்றது.

4. பயிருக்குக் கிடைக்கும் பயன்

இவ்வெரு மண்ணைப் பொலபொலப்பாக்கும். மணல் நிலத்தில் ஈரத்தை நிறுத்தும். களிநிலத்தில் நீர்வடியச் செய்யும். ஆயினும், இது யூரியாவுக்கு முற்றான மாற்று ஆகாது. பின்வரும் கணக்கு இதனை விளக்கும்.

ஓர் ஏக்கருக்கு உலர்நிறையில் 4 தொன் எரு இடப்படுகின்றது என்க. அதில் நூற்றுக்கு ஒன்றரைப் பங்கு நைதரசன் இருப்பின், மொத்தம் 60 கிலோகிராம் நைதரசன் நிலத்திற் சேரும். ஆனால் முதலாண்டில் பயிருக்குக் கிடைப்பது அதிற் பத்திலொரு பங்கு அளவே. அது 6 கிலோகிராம். அதாவது ஏறத்தாழ 13 கிலோகிராம் யூரியாவுக்குச் சமம். எஞ்சியது சிறிது சிறிதாகப் பின்வரும் ஆண்டுகளில் வெளிப்படும். பொசுபரசு ஓரளவு நிறைய உண்டு. பொற்றாசியமோ நீரிற் கரைந்து சுத்திகரிப்பு நிலையத்திலேயே வெளியேறிவிடுதலால் எருவில் மிகக் குறைவு. அதனைத் தனியாக இடுதல் வேண்டும்.

2021 ஆம் ஆண்டு இலங்கையில் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டு, அதே ஆண்டு இறுதிக்குள் அத்தடை நீக்கப்பட்டது. சேதனப் பசளையின் அளவை மட்டும் நோக்கி அதிலுள்ள நைதரசனை நோக்காதுவிடின் விளைச்சலுக்கு நேர்வது யாது என்பதைக் கமக்காரர் அப்போது நேரிற் கண்டனர்.

5. மண்ணில் தங்கும் நஞ்சு

கிருமிகளை வெப்பம் அழிக்கும். உலோகங்களை எதுவும் அழிக்காது. தொழிற்சாலைகள், முலாம் பூசும் பட்டறைகள், வாகனம் திருத்தும் இடங்கள் ஆகியவற்றின் கழிவுநீர் அதே குழாயிற் சேருமாயின், கட்மியம், ஈயம், இரசம், குரோமியம் போன்றவை சேற்றில் திரளும். குவியல் உக்கி நிறை குறையுந்தோறும் எஞ்சிய பொருளில் அவற்றின் செறிவு கூடும்.

நெற் செய்கையாளர் சிறப்பாகக் கவனிக்க வேண்டியது கட்மியம் ஆகும். சப்பானின் தொயாமா மாவட்டத்தில், சுரங்கக் கழிவிலிருந்து வந்த கட்மியம் ஜின்சு ஆற்று நீர்வழி வயல்களை அடைந்தது. அவ்வயல்களின் அரிசியை நெடுங்காலம் உண்டவர்களுக்குச் சிறுநீரகம் கெட்டு எலும்புகள் முறிந்தன. 1968 ஆம் ஆண்டில் அந்நாட்டு அரசாங்கம் இந்நோயின் காரணத்தை ஏற்றுக்கொண்டது. வயல்களின் மண்ணைத் திருத்தும் வேலை 2012 ஆம் ஆண்டிலேயே முடிவுற்றது.

கழிவுச் சேற்றில் கட்மியம் அவ்வளவு மிகுதியன்று. எனினும் அது எவ்வாறு திரளும் என்பதைக் கணக்கிட்டறியலாம். ஒரு கிலோகிராம் உலர்ந்த எருவில் 20 மில்லிகிராம் கட்மியம் உண்டு என்க. இது ஐக்கிய அமெரிக்க விதிகள் அனுமதிக்கும் 39 மில்லிகிராமினும் குறைவே. ஏக்கருக்கு 4 தொன் இடின் 80 கிராம் கட்மியம் நிலத்திற் சேரும். ஓர் ஏக்கரின் மேல்மண், 15 சதமமீற்றர் ஆழத்துக்கு, ஏறத்தாழ 8 இலட்சம் கிலோகிராம் நிறையுடையது. எனவே ஒருமுறை இடுதலால் ஒவ்வொரு கிலோகிராம் மண்ணிலும் 0.1 மில்லிகிராம் கட்மியம் கூடும். பத்து முறை இடின் 1 மில்லிகிராம் கூடும். மாசற்ற மண்ணில் இயல்பாக உள்ளதைவிட இது பன்மடங்காகும்.

அது வெளியேறும் வேகம் எத்தகையது? 2 தொன் நெல்லில், கிலோகிராமுக்கு 0.1 மில்லிகிராம் வீதம் கட்மியம் இருந்தாலும், ஒரு போகத்தில் நிலத்தைவிட்டு நீங்குவது 0.2 கிராம் மாத்திரமே. சேர்ந்தது 80 கிராம், நீங்கியது 0.2 கிராம். ஒருமுறை இட்டதை நிலம் கழிப்பதற்கு 400 போகம் செல்லும். ஒப்பந்தம் பத்து அல்லது இருபது ஆண்டுகளில் முடிவடையும்; நிலமோ பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் உரியது. அதே எருவில் கட்மியம் 2 மில்லிகிராம் மாத்திரம் இருப்பின், சேர்வது 8 கிராமாகக் குறையும். எனவே, விதி அனுமதிக்கும் உச்ச அளவை நல்ல எருவின் அடையாளமாகக் கொள்ளலாகாது.

6. ஒப்பந்தத்தில் இடம்பெற வேண்டியவை

நகரசபை கேள்விப்பத்திரம் கோருமுன் பின்வருவனவற்றை ஆராய்தல் நன்று. கமக்காரர் சங்கங்களும் இவற்றைக் கேட்டறிய உரிமையுடையன.

(அ) கொடுப்பனவு உலர்நிறைக்கு அமைதல் வேண்டும். ஈரநிறைக்குப் பணம் கொடுப்பின், நீரைச் சுமந்து செல்வதற்கே நகரசபை பணம் கொடுத்ததாக முடியும்.

(ஆ) ஒப்பந்தகாரரின் வருமானம் சேற்றை ஏற்பதால் மட்டும் வருவதாயின், எரு நல்லதா கெட்டதா என்பதில் அவருக்கு அக்கறை இராது. கொடுப்பனவில் ஒரு பகுதியேனும் தரத்தில் தேறிய எருவின் அளவோடு பிணைக்கப்படல் வேண்டும்.

(இ) ஒவ்வொரு தொகுதி எருவும் ஒப்பந்தகாரரின் கீழ் அமையாத ஆய்வுகூடத்திற் சோதிக்கப்படுதலும், முடிவு வாங்குவோருக்குத் தமிழிலும் சிங்களத்திலும் காட்டப்படுதலும் வேண்டும். கிருமிகள், புழு முட்டைகள், உலோகங்கள், நைதரசன் ஆகிய யாவும் அதில் அடங்குதல் வேண்டும்.

(ஈ) தேறாத தொகுதியை எங்கே அகற்றுவது, அச்செலவை யார் ஏற்பது என்பன எழுதப்படல் வேண்டும். இது எழுதப்படாவிடின், தேறாத எரு மலிவு விலையில் கமங்களை அடைதல் கூடும்.

(உ) தொழிற்சாலைகள் தம் கழிவுநீரைத் தாமே முன்னர்ச் சுத்திகரித்த பின்னரே குழாயில் விடுதல் வேண்டும். சேற்றைத் தூய்மையாக வைத்திருக்கும் மிக மலிவான வழி இதுவே. குவியலில் எவ்வளவு உழைத்தாலும் குழாயில் விட்ட தவற்றைத் திருத்த முடியாது.

(ஊ) நிலையம் பழுதுபட்டோ, சட்டம் மாறியோ வேலை நின்றால் சேறு எங்கே செல்லும் என்பதற்கு மாற்று ஏற்பாடு இருத்தல் வேண்டும்.

7. கமக்காரர் கைக்கொள்ள வேண்டியவை

சோதனை அறிக்கையில்லாத எருவை, இலவசமாகக் கிடைப்பினும், ஏற்றல் ஆகாது. மணம் அருவருப்பாகவோ, கை வைக்கச் சூடாகவோ இருப்பின் அது முதிராத எரு என்றறிக. முதன்முறை வாங்குவோர் நிலத்தின் ஒரு மூலையில் மட்டும் இட்டு, பயிரின் வளர்ச்சியைப் பக்கத்துப் பாத்தியோடு ஒப்பிட்டுப் பார்த்தல் நன்று. இட்ட அளவையும் ஆண்டையும் ஒரு கொப்பியிற் குறித்து வைத்தல் வேண்டும். முச்சுப்பர் பொசுபேற்றிலும் சிறிது கட்மியம் உண்டாதலால், இரண்டையும் சேர்த்தே கணக்கிடல் முறையாகும்.

கீரை, லெற்றிசு, கரட், முள்ளங்கி போன்று மண்ணைத் தொட்டு வளர்ந்து பச்சையாக உண்ணப்படும் பயிர்களுக்கு இதனைத் தவிர்த்தல் சிறந்தது. இலைக்கறிகள் ஏனைய பலவற்றிலும் கூடுதலாகக் கட்மியத்தை உறிஞ்சும். தென்னை, பழமரங்கள், அலங்காரச் செடிகள் ஆகியவற்றுக்கு இடுதல் ஆபத்துக் குறைந்தது. புளிப்புத் தன்மையுள்ள மண்ணில் உலோகங்கள் பயிருக்கு எளிதிற் சேருமாதலால், மண்ணைச் சோதித்துச் சுண்ணாம்பிடுதல் வேண்டும். நெல்வயலில் கதிர் முற்றும் காலத்தில் நீரை மிக முந்தி வடித்துவிடின் கட்மியம் மணியிற் கூடுதலாக ஏறும்.

யாழ்ப்பாணக் குடாநாடு போன்ற சுண்ணக்கற் பகுதிகளில், நிலத்திலிட்ட நைதரேற்று விரைவிற் கிணற்று நீரை அடையும். அங்கு எருவை அளவுக்கு மேல் இடுதலும் கிணற்றருகே குவித்து வைத்தலும் கூடா. எருவைக் கையாள்வோர் காலணி அணிதலும், வேலை முடிந்ததும் சவர்க்காரத்தாற் கை கழுவுதலும் அவசியம்.

நகரத்தின் கழிவு நிலத்துக்கு உணவாதலும் நஞ்சாதலும் பெரும்பாலும் அது குழாயில் விழும் இடத்திலும், ஒப்பந்தம் எழுதப்படும் மேசையிலுமே தீர்மானிக்கப்படுகின்றன. ஆகவே, தமது பகுதியில் இத்தகைய திட்டம் ஆலோசிக்கப்படுவதாக அறியும் கமக்காரர், எரு படலைக்கு வரும்வரை காத்திராது, தமது சங்கத்தின் வாயிலாகச் சபையிடம் சோதனை அறிக்கையையும் ஒப்பந்த நிபந்தனைகளையும் கேட்டுப் பெறுதல் வேண்டும். தமது கமத்தின் மண்ணை எரு இடுமுன் ஒருமுறை சோதிப்பித்து, அதன் முடிவைப் பத்திரமாக வைத்திருத்தலும் நன்று. பிற்காலத்திற் தீங்கு ஏதும் நேரின், முன்னிருந்த நிலையை எடுத்துக்காட்ட வேறு சான்று கிடையாது.