ஸ்ரிம் ஏன் அடம்பிடிக்கிறது?

கேள்வி: எம்.எஸ்சி. இயற்பியல் மாணவி நான். அயனி மோதலைக் கணிக்கும் ‘ஸ்ரிம்’ மென்பொருளை நிறுவினால் பிழைச்செய்திதான் வருகிறது. என்ன செய்யலாம்?

பதில்: உங்கள் மேல் தப்பில்லை. ஜேம்ஸ் சீக்லரும் பீர்சாக்கும் 1980-களில் வளர்த்தெடுத்த நிரல் இது. இலவசம்தான், ஆனால் பழைய விஷுவல் பேசிக்கை நம்பி நிற்பது. இன்றைய விண்டோஸில் அதற்கான துணைக் கோப்புகள் பல இருப்பதில்லை. நிரலோடு வரும் அந்தக் கோப்புகளை நிர்வாகி அனுமதியோடு முதலில் நிறுவுங்கள். ‘புரோகிராம் ஃபைல்ஸ்’ பக்கமே போகாமல், சி டிரைவில் தனி ஃபோல்டரில் வையுங்கள். தசமக் குறி புள்ளியாக இருக்கட்டும். காற்புள்ளி என்றால் மறுபடி தகராறுதான்.

முதல் ஓட்டத்துக்கு, சிலிக்கானுக்குள் 1 மெகா எலக்ட்ரான் வோல்ட் புரோட்டானை அனுப்பிப் பாருங்கள். தடிமன் 20 மைக்ரான் கொடுங்கள். ரொம்பக் குறைத்தால் புரோட்டான் மறுபக்கம் வெளியேறிவிடும். பாதைகள் ஏறக்குறைய நேராக ஓடி, கடைசியில்தான் சிதறும். பார்க்கவே அழகு! சராசரி ஆழம் சுமார் 16 மைக்ரான் வந்தால் எல்லாம் சரி.

ஒன்று மட்டும்: ஸ்ரிம் படிக ஒழுங்கைக் கணக்கில் எடுப்பதில்லை. படிக அச்சின் வழியே நுழையும் அயனியின் ஆழத்துக்கு இதை நம்பாதீர்கள்.